மீன் மேல் வெள்ளைப் புள்ளி: போனது ஏன் திரும்ப வருகிறது?

தொட்டியில் வளர்க்கும் மோலி மீன்கள் மேல் உப்பைத் தூவினாற்போல் புள்ளி வந்தது, மூன்று நாள் மருந்து ஊற்றியதும் மறைந்தது, பத்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பியது, மருந்து போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தைக் குறை சொல்லாதீர்கள், சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்.

இது 'இக்' என்னும் ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கடியில் இருக்கிறது. மருந்து அங்கே எட்டாது. வளர்ந்ததும் உதிர்ந்து, மணலில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அப்போதும் மருந்து படாது. அப்படிப் பிரிந்து வரும் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் வேறு மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் மருந்து வேலை செய்யும். புள்ளி மறைந்தால் நோய் போய்விடவில்லை, தொட்டியின் அடிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹீட்டரை நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றி 29-இல் வையுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் ஓடட்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். மணலைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்து தொடரவேண்டும். லோச் போல் செதில் இல்லாத அல்லது மிகச் சிறிய செதிலுள்ள மீன் இருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆண் தங்கமீனின் செவுள் மூடியில் மட்டும் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கக் காலப் பரு. அதற்கு நான் ஒரு பாட்டில் மருந்தை வீணாக்கியிருக்கிறேன்.