பன்னிரண்டு சாண் குடில்

அன்புள்ள ஐயா,

மதுரையில் நாங்கள் ஆறு நண்பர்கள், பத்து வருடமாக விபாசனா பயிற்சியில் இருக்கிறோம். கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் பட்டா நிலம் வாங்கியிருக்கிறோம். மேல்பாதி சீகை (வாட்டில்) மரம், கீழ்பாதி பழைய பூண்டுத் தோட்டம், ஓரத்தில் ஒரு ஓடை. அங்கே பௌத்தத் தியான வனம் ஒன்று அமைக்க எண்ணம். சீகையை வெட்டிவிட்டுப் புல்தரை, நடுவில் போதி மரம், அதனடியில் இருபதடிப் புத்தர், முப்பது பேர் தங்க அறைகள். வரைபடத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும். பெயரும் ஒன்று சொல்லுங்கள்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

வரைபடத்தைப் பார்த்தேன். புத்தர் இருக்கும் இடத்தில் ஒரு நீச்சல் குளத்தை வைத்தால் கொடைக்கானலில் எந்த ரிசார்ட்டுக்கும் பொருந்தும். கோபித்துக்கொள்ளாதீர்கள், கருத்து கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

முதலில் அந்தப் புல்தரை. சில வருடங்களுக்கு முன் இதே மலையில் ஒரு தியான மையத்தில் பத்து நாள் தங்கினேன். மாசி மாதம், சுற்றிலும் சரிவெல்லாம் காய்ந்து கிடந்தது. அவர்கள் தினமும் தண்ணீர் விட்டு வளர்த்த புல் மட்டும்தான் பச்சை. விடியற்காலை ஐந்து மணிக்கு நடைத் தியானத்துக்குக் கதவைத் திறந்தால், பாதையின் குறுக்கே ஒரு காட்டுமாடு. மூக்கிலிருந்து புகை போல மூச்சு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள். எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் மேய்ந்தது. அந்தப் பத்து நாளில் மனம் சிதறாமல் நான் எதையாவது பார்த்தேன் என்றால் அதைத்தான்.

அப்புறம் அவர்கள் சோலார் வேலி போட்டார்கள். காட்டுமாடுகள் பக்கத்துப் பூண்டுத் தோட்டத்தில் இறங்கின. தோட்டக்காரர் வந்து சத்தம் போட்டார், ஓடையிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். புல் இருந்ததால் மாடு, மாடு வந்ததால் வேலி, வேலி வந்ததால் சண்டை. ஒன்று இருப்பதால் இன்னொன்று உண்டாகிறது என்ற பௌத்தக் கருத்தை, சார்பில் தோற்றம் என்பார்கள், அதைப் பற்றி மாலைச் சொற்பொழிவில் அரை மணி நேரம் பேசினார்கள், இதை உதாரணமாகச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் குடில் கட்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் பெரிது பெரிதாகக் குடில் கட்டத் தொடங்கி, ஆள் கொடு, மாடு கொடு, கோடரி கொடு என்று ஊராரை நச்சரித்தார்கள். கடைசியில் தூரத்தில் ஒரு பசுவைக் கண்டால்கூட பிக்குதான் வருகிறார் என்று ஜனங்கள் ஓடினார்களாம். அதன் பிறகு வந்த விதி: உள்ளளவு நீளம் 12 சாண், அகலம் 7 சாண். அது புத்தரின் சாண். இன்றைய அளவில் சுமார் பத்தடிக்கு ஆறடி என்று ஒரு கணக்கு உண்டு. அளவைவிட எனக்குப் பிடித்தது அடுத்த நிபந்தனை. கட்டுமுன் மற்ற பிக்குகளை அழைத்து இடத்தைக் காட்ட வேண்டும். எறும்பு, கறையான், எலி, பாம்பு, தேள், புலி, யானை ஏதாவது ஏற்கனவே குடியிருக்கும் இடமா என்று பார்ப்பார்கள். இருந்தால் அங்கே கட்டக்கூடாது. மண்ணைத் தோண்டுவதும் செடிகொடிகளை வெட்டுவதும் பிக்குகளுக்குத் தனியாகவே விலக்கு. நீங்கள் பிக்குகள் அல்ல, இந்த விதிகள் உங்களைக் கட்டாது. ஆனால் ஜேசிபியை வரவழைக்கும் முன் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

சீகை விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம்தான். தோல் பதனிடும் சாயத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், மலையின் புல்வெளிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. ஆனாலும் ஒரேயடியாக வெட்டினால் மண்ணில் தூங்கும் விதையெல்லாம் வெயில் பட்டு முளைத்து முன்னைவிட அடர்த்தியாக வரும். மாறாக, முதிர்ந்த சீகையின் நிழலில் இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்கள் தாமாகவே முளைக்கின்றன. வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட்காரர்கள் இதைக் கண்டு பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். மண்டியிட்டுச் சருகை விலக்கிப் பாருங்கள், விரல் உயரத்தில் கன்றுகள் நிற்கலாம். தவிர, சொந்தப் பட்டாவாக இருந்தாலும் மலையில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கட்டடத்துக்கு ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி தேவையா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் போதி மரம், அதாவது அரசமரம், சமவெளி மரம். ஏழாயிரம் அடியில், தை மாத உறைபனியில் அது தேறுமா என்பது சந்தேகம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். சித்தார்த்தர் சிறுவனாக, தந்தை ஏர்விழாவில் இருக்கும்போது, முதன்முதலில் தியானத்தில் அமர்ந்தது நாவல் மரத்தடியில். பட்டினி கிடந்து எலும்பாகி, இது வழியல்ல என்று உணர்ந்தபோது அவருக்கு ஞாபகம் வந்ததும் அந்த நிழல்தான். நாவல் இனத்து மரங்கள் சோலைக்காட்டிலேயே உண்டு. உங்கள் சீகைக்கு அடியில் ஒன்றிரண்டு ஏற்கனவே இருந்தாலும் இருக்கும்.

புத்தருக்குக் கொடுக்க வேணுவனம் என்ற மூங்கில் தோப்பை மகத மன்னர் பிம்பிசாரர் தேர்ந்தெடுத்தபோது பார்த்ததும் இவ்வளவுதான்: ஊருக்கு ரொம்ப அருகிலும் இல்லை, ரொம்பத் தொலைவிலும் இல்லை, பகலில் கூட்டமில்லை, இரவில் சத்தமில்லை. ரொம்பத் தொலைவு ஏன் கூடாது? பிக்குகள் ஊருக்குள் போய்த்தான் சாப்பாடு வாங்க வேண்டும். ஊர்க்காரர்களோடு பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரு வேளைகூட ஓடாது. முப்பது பேருக்கு அறைகள் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் அந்த ஓடை. கீழே இருக்கும் தோட்டங்களும் அதைத்தான் நம்பியிருக்கும். போய் அவர்களிடம் கேளுங்கள், பங்குனியில் எவ்வளவு ஓடும் என்று.

பிக்குகளின் மழைக்காலத் தங்கல் ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி மூன்று மாதம். பழனி மலையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். நீங்கள் ஐப்பசியில் போங்கள். தகரக் கொட்டகை ஒன்று போதும். ஆறு பேரும் ஒரு மாதமாவது முறை வைத்துத் தங்குங்கள், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, இரவில் எது எந்தப் பாதையில் நடக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தபின் பெயர் சொல்கிறேன். நானும் ஒரு வாரம் வருகிறேன், கம்பளி மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.