படிக்கட்டுக்கு அடியில் பார்த்தீர்களா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் என் பூனை ஸ்டாம்பைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதன்பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால் வடசென்னையில் பாதி வீட்டில் பூனை தொலைந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் 31 வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். பூனையைவிடத் தெருவைத்தான் அதிகம் தெரியும். தேடுவதற்கு அதுவும் வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் பூனை பெயர் வெல்லம். செம்பட்டை நிறம், இரண்டு வயது, கருத்தடை செய்தாகிவிட்டது, வாசற்படி தாண்டியதே இல்லை. சிலிண்டர் கொண்டுவந்தவருக்காகக் கதவைத் திறந்தபோது வெளியே ஓடியவள்தான், ஐந்து நாளாகிறது. காசிமேடு மீன் மார்க்கெட் வரை போய்த் தேடிவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் "பூனைதானே, வேறொன்று வளர்த்துக்கலாம்" என்கிறார். எங்கேதான் தேடுவது?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

முதலில் காசிமேட்டுக்குப் போவதை நிறுத்துங்கள் கண்ணு. மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள் என்பது நாம் போடும் கணக்கு. வாசற்படி தாண்டாத பூனைக்கு உங்கள் மாடிப்படியே வெளிநாடு. பயந்து ஓடும், முதலில் கண்ணில் படும் இருட்டுச் சந்தில் நுழையும், அங்கேயே உறைந்துபோய் உட்கார்ந்துவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் பூனையைத் தொலைத்த 1,210 பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. அதிலும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் பக்கத்தில். உங்களுக்கு அது உங்கள் பிளாக், பக்கத்து பிளாக், அவ்வளவுதான்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டாம்பு வெள்ளைப் பூனை, முதுகில் சதுரமாக ஒரு கறுப்புத் திட்டு. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு வருடம் போகிக்கு முதல் நாள், வெள்ளையடிக்க ஆள் வந்து கதவெல்லாம் திறந்து கிடந்தது. தெருவில் பசங்கள் போகி மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். சின்ன மேளம்தான், ஆனால் இருபது பையன் சேர்ந்து அடித்தால் எனக்கே நெஞ்சு அதிரும். ஸ்டாம்பு காணாமல் போய்விட்டாள். பொங்கல் பானை வைத்தேனா என்பதுகூட நினைவில்லை. கல்மண்டபம் மார்க்கெட், காசிமேடு, ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பின்பக்கம் என்று ஆறு நாள் அலைந்தேன். தபால்காரம்மாவுக்குத் தெரியாத சந்து உண்டா என்ற திமிர் வேறு.

ஏழாவது நாள் எங்கள் தெரு வாட்ச்மேன் கூப்பிட்டார். "யம்மா, ராத்திரி மூணு மணி இருக்கும், பக்கத்து பில்டிங் படிக்கட்டாண்ட வெள்ளையா ஏதோ ஓடிச்சு, உன் பூனையா பாரு." அன்று ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். என் வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு அடி. படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் நாலு, அதற்குப் பின்னால் ஓடாத கிரைண்டர் ஒன்று. டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்தேன். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் பச்சையாக இரண்டு காசு மின்னியது.

அந்த ஆறு நாளும் அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் "ஸ்டாம்பு, ஸ்டாம்பு" என்று கத்திக்கொண்டு போயிருக்கிறேன். அவள் வாயே திறக்கவில்லை. இப்போதும் என்னை யாரோ மாதிரித்தான் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கொஞ்சம் கோபமும்தான். பிறகுதான் புரிந்தது, பயந்த பூனைக்குச் சத்தம் போடாமல் இருப்பதுதான் உயிர்ப்பாதுகாப்பு. கீழே நாய் இருக்கிறதா, கடுவன் இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் அது எப்படி "இதோ இருக்கேன்" என்று குரல் கொடுக்கும்? வெல்லம் பதில் சொல்லவில்லையே என்று அங்கே இல்லை என முடிவு கட்டாதீர்கள். உங்கள்மேல் பாசம் இல்லை என்றும் நினைக்காதீர்கள்.

அதனால் இன்றைக்கு மத்தியானம் தூங்கிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குமேல், பால் வண்டி வருவதற்கு முன்னால், ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும், இடுப்பளவில் பிடித்தால் பிரயோஜனம் இல்லை. பூனைக் கண்ணின் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகும், அதனால் உங்கள் கண்ணும் டார்ச்சும் ஒரே கோட்டில் இருந்தால்தான் மின்னுவது தெரியும். படிக்கட்டின் அடி, மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மோட்டார் ரூம், மொட்டை மாடியில் டேங்குக்கும் சுவருக்கும் நடுவில், மூடி போட்ட மீன்பாடி வண்டிக்குள், மாசக்கணக்கில் நகராத ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் எல்லாம் பாருங்கள். நாய் துரத்தியிருந்தால் மேலே ஏறியிருப்பாள், சன்ஷேடையும் ஏசி பெட்டியின் மேலேயும் பாருங்கள். ஒரு தடவை பார்த்த இடத்தை மறுநாளும் பார்க்க வேண்டும். பூனை இடம் மாறும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் பிளாக்கிலும் அடுத்த பிளாக்கிலும் ஐந்து நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எவை என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். கல்யாணத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற அவசரத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள், உள்ளே பூனை நுழைந்தது தெரிந்திருக்காது. போனில் கேட்டு, சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை வைத்துத் திறந்து, கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் பார்க்கச் சொல்லுங்கள். "பூனைதானே" என்றவரே நாலாவது வீட்டில் குனிந்து பார்ப்பார்.

பகலில் கேட்க வேண்டியவர்கள் விடியற்காலையில் தெருவில் இருப்பவர்கள். பால் பாக்கெட் போடும் பையன், தூய்மைப் பணியாளர்கள், ராத்திரி வாட்ச்மேன். தூய்மைப் பணியாளர்களிடம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். வண்டியில் அடிபட்ட பூனை எதையாவது எடுத்துப்போட்டார்களா என்று. கேட்க மனசு வராது. வேறு யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் பாதி பாரம் இறங்கும்.

பசங்களிடம் போட்டோவைக் காட்டுங்கள், ஆனால் துரத்த வேண்டாம், பார்த்தால் வந்து சொன்னால் போதும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் "ஏய் வெல்லம்" என்று ஓடினால் அவள் இன்னும் உள்ளே போய்விடுவாள்.

பூனை கக்கூஸ் போகும் மண் தட்டை வாசலில் வைத்தால் வாசம் பிடித்து வரும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பக்கம் அதை மோப்பம் பிடித்து ஏரியா கடுவன்கள்தான் முதலில் வரும். நீங்கள் உடுத்திய பழைய நைட்டியைப் படிக்கட்டில் போட்டு வையுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் பாயாதீர்கள். நான் அன்று தரையில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை நெத்திலிக் கருவாட்டைப் பிய்த்து வைத்துவிட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன். முக்கால் மணி நேரம். கொசு பிடுங்கித் தின்றது. முதலில் மீசை தெரிந்தது, அப்புறம் ஒரு கால். வந்து என் புறங்கையை முகர்ந்தாள், தலையால் ஒரு முட்டு முட்டினாள். அந்த நிமிஷத்தில் சந்தோஷம் தாங்காமல் அள்ளித் தூக்கிவிட்டேன். கையில் மூன்று கோடு கிழித்து இறங்கிவிட்டாள்! மறுபடியும் கருவாடு, மறுபடியும் கொசு. நீங்கள் ஒரு மூடி போட்ட கூடையும் தடித்த துண்டும் கொண்டுபோங்கள். கீறிவிட்டாலோ கடித்துவிட்டாலோ குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டேன். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். ஆறு நாள் வெளியே யாரோடு சண்டை போட்டது என்று நமக்கு என்ன தெரியும்?

பூனையைக் காணவில்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன், கண்டுபிடித்தால் 3,000 ரூபாய் என்றும் எழுதினேன். ஒருவர் போன் செய்து பூனை தன்னிடம் இருக்கிறது, முதலில் 1,000 அனுப்பினால் ஆட்டோவில் அனுப்பிவைப்பதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பத்து பைசா அனுப்பாதீர்கள். வீடியோ கால் போட்டுப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நீங்களே நேரில் போய், பூனையைக் கையில் வாங்கியபின் பணம் கொடுங்கள். காட்டாவிட்டால் அந்த நம்பரோடு பேச்சே வேண்டாம். இனிமேல் போடும் போட்டோவில் ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள், வால் நுனியோ உள்ளங்கால் நிறமோ. கூப்பிடுகிறவரிடம் அதைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொகையையும் எழுத வேண்டாம், "தக்க சன்மானம்" போதும். அப்புறம், வாட்ஸ்அப்பைவிட டீக்கடைச் சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு மவுசு அதிகம். பெரிய போட்டோ, பெரிய நம்பர், வேறெதுவும் வேண்டாம்.

மனுஷனுக்கே சோறில்லாத ஊரில் பூனைக்கு ஒரு பக்கம் எழுதுவது தேவையா?
— பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

நீங்கள் தபால் தலை வாங்கி ஒட்டிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக்கு உங்களுக்கும் பூனை தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் கடுவன் மூன்று நாள், நாலு நாள் காணாமல் போகிறான், காது கிழிந்து வருகிறான். ஒவ்வொரு தடவையும் தேடிப் போகணுமா? காயத்தில் காய்ச்சல் அடித்தால் அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?
— ஒரு தம்பி, எண்ணூர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கூடவே கூடாது தம்பி. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரையே அதைக் கொன்றுவிடும். நமக்கு வாங்கி வைத்த எந்த மாத்திரையையும் கொடுக்காதே.

அவன் தொலைந்துபோகவில்லை, பெண் தேடிப் போகிறான். கருத்தடை செய்யாத கடுவன் தெரு தெருவாகச் சுற்றும், மீட்டர் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது. கருத்தடை செய்துவிட்டால் சுற்றுவதும் சண்டையும் வெகுவாகக் குறையும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கூடையில் வைத்துக் கொண்டுபோ. எண்ணூரிலிருந்து தூரம்தான், ஒரு நாள் லீவு போட்டாலும் தகும். உங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத அந்த 61 நாளும் கரையில் கழிவு மீன் குறையும், பூனைகள் இரைக்காக இன்னும் தூரம் போகும். அதற்கு முன்னால் முடித்துவிடு.

பன்னிரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய் மூலையில் படுக்கிறது. வீட்டிலிருக்கும் இன்னொரு பூனை அதைப் பார்த்துச் சீறுகிறது. பழகட்டும் என்று விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

சீறுவதை விட்டுவிடலாம். வெளிவாசத்தோடு வந்ததால் அதற்கு இது வேறு பூனை. தனி அறையில் வைத்து, இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சாப்பிடாததை விடமுடியாது. பூனை நம்மைப் போல விரதம் இருக்கக்கூடிய பிராணி இல்லை. பல நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். கண்ணோ ஈறோ மஞ்சளாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வரக் காத்திருக்கக் கூடாது என்று உங்கள் கடிதத்தில் இருந்த நம்பருக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு வீடு மாறினோம். மூன்றாம் நாளே பூனை போய்விட்டது. பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் அங்கே போய்ப் பார்க்கிறேன்.
— ஒரு வாசகர், விம்கோ நகர்

பக்கத்துத் தெருவுக்கு மாறியிருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் 2021இல் திறந்தார்களே, வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோ, அந்தப் பாதையே 9 கிலோமீட்டர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் நாமே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். மூடிய கூடையில் வந்த பூனைக்குத் திரும்பிப் போக வழி எப்படித் தெரியும்?

பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவரிடம் போட்டோவும் நம்பரும் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். புது வீட்டைச் சுற்றித் தேடுங்கள். கிடைத்ததும் இரண்டு மூன்று வாரம் ஓர் அறையில் அடைத்து வையுங்கள், பழைய பாய், பழைய தட்டு எல்லாம் அதோடு இருக்கட்டும். புது வீட்டில் அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரித்துவிட்டீர்களா? இல்லையென்றால் ராத்திரிக்கு முன்னால் முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள்.