ஹங்கேரிக்குக் காசு கட்ட முன்னம்

ஜேர்மனியின் ஸ்ருட்காட்டிலிருந்து ஒரு அம்மா போன கிழமை கோல் எடுத்தா. மகள் பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை அபிட்டூர் முடித்துவிட்டாள், மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. "ஹங்கேரிக்கு மருத்துவம் படிக்க அனுப்புங்கோ, குடும்பத்தில ஒரு டொக்டர் வேணும்" என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பிள்ளையோ, பள்ளிக்கூட பிராக்டிகும், அதாவது வேலை பழகல், செய்த பியானோ பட்டறையிலேயே மனதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "தம்பி, இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

அக்கா, அன்றைக்கு ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். அது பிழை. ஆறு வருடப் படிப்புக்குப் பெரியப்பாவா காசு கட்டப் போகிறார்? சீட்டைக் கூறி எடுத்து, வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வைத்து, இரத்தம் கண்டால் முகம் திருப்பும் பிள்ளையை அனுப்ப நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

"என்னத்தையோ கம்பியைப் படம் பிடிச்சு வச்சிருக்கிறாள்" என்றீர்களே, அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கோ. பியானோவின் மேல்சுரங்களில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. லைப்சிக் நகரத்துப் புளூட்னர் நிறுவனத்தின் கிராண்ட் பியானோவில் நாலாவதாக ஒன்று இருக்கும். சுத்தியல் அதைத் தொடாது. மற்றவை அதிர, அது தானாகக் கூடப் பாடும். 1873இல் காப்புரிமை பெற்ற வேலை. உங்கட மகள் அதைத்தான் கண்டுபிடித்துப் படம் எடுத்திருக்கிறாள்.

பழைய கிராண்ட் என்றால் பியானோ செய்து திருத்தும் தொழில்காரர் உருகுவது சும்மா இல்லை. 220க்கு மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து 20 தொன் அளவில் இழுக்கும். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்கும். ஒலியைப் பெருக்குவது கீழே இருக்கும், 8 மில்லிமீற்றர் தடிப்புக்கூட எல்லா இடமும் இராத ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்துப் பலகை, மெல்ல மேல்நோக்கி வளைந்தது. அந்தக் காலத்து மரப்பொருத்துகளுக்குத் தோல்பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகும். நூறு வருடப் பெட்டியையும் கழற்றித் திரும்பப் பூட்டலாம். சத்தம் கடுமையா? சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி மென்மையாக்குவார்கள். எங்கே எத்தனை குத்து என்பதைக் காதுதான் சொல்லும்.

இந்தப் பியானோத் தொழிலுக்கு மூன்றரை வருட அவுஸ்பில்டுங், பட்டறையில் வேலை செய்துகொண்டே படிக்கும் பயிற்சி, இருக்கு. வகுப்பு லுட்விக்ஸ்பூர்க் ஒஸ்கார் வால்க்கர் பள்ளியில். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் இடம், உங்களுக்கு எஸ்-பான் ரயில் தூரம். கட்டணம் இல்லை, பட்டறை மாதாமாதம் சம்பளமும் தரும். பிறகு தனியாகத் தொழில் தொடங்க மைஸ்டர் என்ற மேல்நிலைத் தொழில் பட்டம் கட்டாயமும் இல்லை.

டொக்டர் சம்பளம் வராது, அதை மறைக்க மாட்டேன். பாரம் தூக்கி முதுகு நோகும். பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுக்கும் பட்டறைகளும் கொஞ்சம்தான். பட்டறையின் ஒப்பந்தம் கையில் வந்தால்தான் பள்ளிக்கூடம். ஆகவே இந்தக் கிழமையே பிராக்டிகும் செய்த அதே பட்டறைக்கு அவளை அனுப்பி, சில நாள் வேலை செய்து காட்டக் கேளுங்கோ. விண்ணப்பத்தை அவளே எழுதட்டும், அவளுடைய டொச் மொழி எங்கட டொச்சைவிடத் திறம்.

பெரியப்பாவின் நம்பரை அனுப்புங்கோ. அவரோடு நான் கதைக்கிறேன்.