கிலோமீட்டர் குறிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஓட்டப் பந்தயப் பாதை முழுவதையும் சைக்கிளில் அளந்தாயிற்று. இடைத்தூரக் குறிகளை மட்டும் ஜிபிஎஸ் வாட்ச் பார்த்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே வாட்ச் தடுமாறும். சைக்கிள் சக்கரம் சுழல்வதை எண்ணும் கருவியான ஜோன்ஸ் கவுன்ட்டரில் ஒரு எண் நகர்ந்தால் ஏறக்குறைய 9 செ.மீ. தான். அளக்கும்போதே ஒவ்வொரு குறியிலும் நின்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதை குறையாமலிருக்கக் கூட்டும் 0.1 சதவீதத்தை, அதாவது மாரத்தானின் 42 மீட்டரை, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூட்டாமல் கடைசியில் சேர்த்தால் என்ன? 1000 மீட்டர் என்று எழுதிவிட்டு 1001 மீட்டர் ஓடவைப்பது நியாயமா?

பதில்: கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுபவருக்கு அந்த 1 மீட்டர் 0.3 நொடி. மொத்தத்தையும் கடைசியில் வைத்தால், களைத்து வருபவர் தலையில் 12 நொடிக்கு மேல் விழும். அதைவிட முக்கியம், அளவையில் சிறு பிழை எப்போதும் இருக்கும். கூடுதல் இல்லாத 10 கி.மீ. குறி 9,995 மீட்டரில் விழுந்துவிட்டால் அங்கே எடுத்த நேரத்துக்கு மதிப்பே இல்லை. குறைவதைவிட மிகுவது மேல்.

கேள்வி: மைல் குறிக்கும் இதேதானா?

பதில்: ஆமாம். 1609.344 மீட்டர், அதன்மேல் 0.1 சதவீதம்.

கேள்வி: தூரம் 20 மீட்டர் குறைந்ததால் தொடக்கக் கோட்டைப் பின்னால் தள்ளினோம். குறிகள்?

பதில்: எல்லாக் குறிகளும் 20 மீட்டர் பின்னால் வரவேண்டும். நான் ஒருமுறை இதை மறந்து, முதல் கிலோமீட்டரில் எல்லாரையும் மெதுவாக ஓடியதாக நினைக்கவைத்துவிட்டேன். இன்றும் உறுத்துகிறது. முடிவுக் கோட்டை நகர்த்தினால் எதுவும் மாறாது. திருப்பத்தை, அதாவது போன வழியே திரும்பி வரும் இடத்தை, 10 மீட்டர் அப்பால் தள்ளினால், அதற்குப் பிந்தைய குறிகள் மட்டும் 20 மீட்டர் திருப்பத்தை நோக்கி வரும்.

கேள்வி: என் வாட்ச் 10 கி.மீ. பந்தயத்தில் 10.15 காட்டியதே?

பதில்: வாட்சைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். வளைவில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, மிகக் குறுகிய வழியில்தான் அளக்கிறோம். நீங்கள் அந்தக் கோட்டில் ஓடியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: வெயிலில் டயர் சூடானால்?

பதில்: அளக்கும் சைக்கிளின் டயர் சற்று விரியும், கிலோமீட்டருக்குக் கவுன்ட்டர் காட்டும் எண்ணிக்கை குறையும். அதனால்தான் ஸ்டீல் டேப்பால் அளந்த நேர்ச்சாலையில் பாதையை அளப்பதற்கு முன் 4 முறை, அளந்த பின் 4 முறை ஓட்டிப் பார்க்கிறோம்.

கேள்வி: எந்த ஷூ வாங்கலாம்?

பதில்: பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: பலகையை வாலண்டியர்கள் நிழலுக்கு நகர்த்திவிடுகிறார்கள்.

பதில்: சாலையோரத்தில் வாஷர் கோர்த்த ஆணி அடித்து, சுற்றிப் பெயின்ட் பூசுங்கள். எந்த விளக்குக்கம்பம், அதிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி, ஆணியின் போட்டோவோடு பலகை வைப்பவர் கையில் கொடுங்கள்.