நதிமூலம் பார்க்க வேண்டிய நாணயங்கள்: கேள்வி பதில்

பிரைவசி காயின்களை, அதாவது யார் யாருக்குப் பணம் அனுப்பினார் என்பதை மறைக்கும் கிரிப்டோ நாணயங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: இவற்றை உண்டாக்கியவர்கள் யார், அவர்களை எதை வைத்து நம்புவது? அதனால் பைட்காயின் கதையை நடுவில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கவனியுங்கள், பிட்காயின் இல்லை, பைட்காயின். மொனேரோ என்ற பிரைவசி காயினுக்குப் பல வருஷமாக நோடு (அதன் கணக்கேட்டைச் சரிபார்த்து வைத்திருக்கும் கணினி) ஓட்டுகிறவன் நான். அதன் மேல் எனக்குப் பிரியம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நெய்தல்: அண்ணா, பைட்காயினில் அப்படி என்ன ஏமாற்று நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

2014 மார்ச்சில் பிட்காயின்டாக் தளத்தில் அந்த நாணயத்தைப் பற்றி அறிவிப்பு வந்தது. 2012 ஜூலை 4 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, டார்க் வெப் பக்கம் புழங்குகிறது என்றார்கள். பணம் அனுப்பியவர் யார் என்று தெரியாதபடி மறைக்கும் ரிங் சிக்னேச்சர் முறை அதில் இருந்தது. பிட்காயினைக் காப்பியடித்துப் பெயரை மட்டும் மாற்றிய காயின்கள் தினமும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றுக்கு நடுவே இது உண்மையிலேயே புதிது.

ஆட்கள் ஆசையோடு உள்ளே போய்ப் பார்த்தார்கள். மொத்தம் வரப்போகிற 18,446 கோடி காயினில் 82 சதவீதம் ஏற்கெனவே மைன் ஆகி (பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யும் கணினிகளுக்குப் பரிசாக வெளிவந்து) முடிந்திருந்தது. அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆளை மறைப்பதற்காகவே செய்த நாணயம் அல்லவா?

இரண்டு வருஷம் ஒரு நாணயம் புழங்கியிருந்தால் தடம் இருக்கும். வாலெட் திறக்கவில்லை என்று யாராவது புலம்பியிருப்பார்கள், பழைய டவுன்லோடு ஒன்று யாருடைய கணினியிலாவது கிடக்கும், ஒருவர் இன்னொருவருக்கு விற்றதாக ஒரு வரியாவது இருக்கும். 2014-க்கு முந்தைய நம்பும்படியான தடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

பழைய கணக்கர்: 20 மாதத்தில் 82 சதவீதம் தீர்ந்துபோகுமா? கணக்கு இடிக்கிறதே.

இடிக்கவில்லை சார், அதுதான் விஷயம். போட்டுப் பார்ப்போம். பைட்காயினில் ஒவ்வொரு பிளாக்குக்கும் (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) தரும் பரிசு, இன்னும் மிச்சமிருக்கும் காயினில் 2,62,144-இல் ஒரு பங்கு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பிளாக் என்றால் வருஷத்துக்கு 2,62,800. பானையிலிருந்து ஒரு பங்கை அள்ளி, மிச்சத்தில் மறுபடி ஒரு பங்கை அள்ளிக்கொண்டே போவது போல. முதல் வருஷ முடிவில் பானையில் 37 சதவீதம்தான் மிஞ்சும். 2012 ஜூலை முதல் 2014 மார்ச் வரை 20 மாதம், அதாவது 4,38,000 பிளாக். அப்போது மிச்சம் 19 சதவீதத்துக்குப் பக்கம்.

ஆக, அவர்கள் சொன்ன தேதி உண்மை என்றால் 82 என்ற எண் சரியாகவே வருகிறது. தேதி எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும். "82 சதவீதத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம், மிச்சத்துக்கு வாருங்கள்" என்றால் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். "இரண்டு வருஷமாக ஊரே சேர்ந்து மைன் செய்தது, நீங்கள்தான் தாமதம்" என்றால் அதே குவியல் நியாயமான பங்கீடாக மாறிவிடும். பொய் சொன்னார்கள் என்றால், எண்ணில் சொல்லவில்லை, பிறந்த தேதியில் சொன்னார்கள்.

குட்டி டெவலப்பர்: பிளாக்செயினில் எழுதிய தேதியை மாற்ற முடியாது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் செயினில் மாற்ற முடியாது. யாருமே பார்க்காத செயினில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பிளாக்கில் இருக்கும் நேரம் என்பது மைன் செய்கிறவர் எழுதிவைக்கும் ஓர் எண், அவ்வளவுதான். வீட்டுக்குள் நான்கைந்து கணினிகளை வைத்துக்கொண்டு, ஒரு பிளாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நிமிஷம் இருப்பதாகப் பொய் நேரம் போட்டுக்கொண்டே போனால், டிஃபிகல்டி, அதாவது மைன் செய்வதன் கடினம், அந்தப் பொய் நேரத்தை நம்பிக் குறைவாகவே இருக்கும். 20 மாதச் சரித்திரத்தைக் கொஞ்ச நாளில் செய்து முடித்துவிடலாம்.

பிட்காயினின் முதல் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 3-ஆம் தேதி டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி அதற்குள் இருக்கிறது. அந்த நாளுக்கு முன்பே அதைச் செய்திருக்க முடியாது என்பதற்கு அது சாட்சி. அதாவது, முன்கூட்டியே ரகசியமாக மைன் செய்து குவித்து வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டுகிறது. பைட்காயினுக்குத் தேவைப்பட்டது நேர் எதிரான சாட்சி: 2012-லேயே இருந்தது என்று காட்டுவது. அதற்கும் வழி இருந்தது. செயினின் ஹாஷ் (அதன் கைரேகை போன்ற எண்) ஒன்றை அந்தச் சமயத்திலேயே பிட்காயின் பரிவர்த்தனைக்குள் போட்டு வைத்திருந்தால் போதும். அப்படி ஒன்றையும் அவர்கள் காட்டவில்லை.

பத்திர எழுத்தர்: முன்தேதி போட்ட பத்திரத்தை நாங்கள் முத்திரைத்தாளைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். இதில் அப்படி ஏதும் உண்டா தம்பி?

அச்சு அசலாக அதேதான் நடந்தது ஐயா. இந்தத் தொழில்நுட்பத்துக்கு கிரிப்டோநோட் என்று பெயர். அதை விளக்கும் ஒயிட் பேப்பர் நிக்கோலஸ் வான் சாபர்ஹாகன் என்ற பெயரில் வந்தது. அது யாரென்று இன்றுவரை தெரியாது. முதல் பதிப்பில் 2012 டிசம்பர் 12 என்றும், இரண்டாம் பதிப்பில் 2013 அக்டோபர் 17 என்றும் தேதி இருக்கிறது.

2014 ஆகஸ்டில் பிட்காயின்டாக் உறுப்பினர் ஒருவர் அந்த பிடிஎஃப் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து நீண்ட ஆய்வு ஒன்றை எழுதினார். பக்கங்களை அடுக்கப் பயன்பட்ட டெக் (TeX) என்ற மென்பொருளின் பதிப்பு, தாளில் போட்ட தேதிக்குப் பிறகுதான் வெளியானது என்று சுட்டிக்காட்டினார். கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைக்கலாம். ஆனால் இன்னும் வெளிவராத மென்பொருளில் யாரும் தட்டச்சு செய்ய முடியாது. நீங்கள் சொல்கிற முத்திரைத்தாள் விற்பனைத் தேதி இதுதான்.

இதைச் செய்தவர்கள் இன்னார் என்று எங்கும் நிரூபணமாகவில்லை. அதனால் ஆளைச் சொல்லிக் குற்றம் சாட்ட மாட்டேன். தேதி பொய் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மீன்கொத்தி: மைனிங் கோடையே வேண்டுமென்று மெதுவாக எழுதியிருந்தார்கள் என்கிறார்களே, அது வெறும் வதந்தியா?

வதந்தி இல்லை. மொனேரோவின் ஆரம்பக் கோடு பைட்காயினிலிருந்து வந்தது என்பதால் அதைப் பலர் அலசிப் பார்த்திருக்கிறார்கள். மைனிங்கின் மையமான ஃபங்ஷனின் பழைய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு முறை செய்து வைத்துக்கொண்டால் போதுமான வேலையைத் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்கிறது பழையது. ஒவ்வொரு படி அரிசி அளக்கும்போதும் கொல்லரிடம் போய்ப் புதிதாக ஒரு படி அடித்து வாங்கி வருவது மாதிரி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆண்டர்சன் அதைச் சீர்செய்து பல மடங்கு வேகப்படுத்தினார்; வேண்டுமென்றே மந்தமாக்கியது போலிருக்கிறது என்றும் எழுதினார். வெளியில் கொடுத்தது மந்தமான கோடு என்றால், வேகமான கோடு யாரிடம் இருந்திருக்கும்?

மதுரைக்காரன்: அப்படியானால் மொனேரோவும் அதே குட்டையில் ஊறிய மட்டைதானே? நீங்கள் அதை ஆதரிப்பது எப்படி நியாயம்?

நியாயமான கேள்வி. எனக்கும் இது நாள்கணக்கில் உறுத்திய விஷயம்தான்.

2014 ஏப்ரல் 18-இல், 'தேங்க்ஃபுல் ஃபார் டுடே' என்ற புனைபெயரில் ஒருவர் அதே கோடை எடுத்து பிட்மொனேரோ என்று தொடங்கினார். முன்கூட்டியே அறிவித்து, முதல் பிளாக்கிலிருந்து எல்லோர் கண்முன்னும் நடந்தது. சில நாளிலேயே அவருக்கும் கூடியிருந்தவர்களுக்கும் ஒத்துவராமல் போக, அவர்கள் திட்டத்தைத் தங்கள் கையில் எடுத்துப் பெயரில் இருந்த 'பிட்'டை வெட்டிவிட்டார்கள். மொனேரோ என்றால் எஸ்பெராண்டோ மொழியில் நாணயம்.

எடுத்துக்கொண்டது கணிதத்தை மட்டும். 82 சதவீதக் குவியலை இல்லை. ரிங் சிக்னேச்சர் அந்த அநாமதேயர்களின் சொத்தும் அல்ல. ரிவெஸ்ட், ஷமீர், டாமன் மூவரும் 2001-லேயே வெளியிட்ட யோசனை அது. கணிதத்தைச் சொன்னவர் பொய்யர் என்றாலும் நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்த்துவிடலாம். தேதிக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

கறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மந்தமான கோடு மொனேரோவுக்கும் வந்து சேர்ந்ததால், தொடக்க வாரங்களில் வேகமான கோடு வைத்திருந்த சிலர் மற்றவர்களைவிட அதிகம் அள்ளினார்கள். ஆனால் கண்டுபிடித்ததும் திருத்தம் பொதுவில் வந்தது.

நெய்தல்: பெயரை மறைத்து எழுதுகிறவர்களை எல்லாம் சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். பிட்காயினை உருவாக்கிய சடோஷி யாரென்றும் தெரியாது. கிரின் நாணயத்தின் அடிப்படையான மிம்பிள்விம்பிள் யோசனையை 2016-இல் ஒருவர் டாம் எல்விஸ் ஜெடுசோர் என்ற புனைபெயரில் போட்டுவிட்டு மறைந்துபோனார். 2019 ஜனவரியில் கிரின் தொடங்கியபோது யாருக்கும் தனிப் பங்கு ஒதுக்கவில்லை. தன் முகத்தை மறைப்பது வேறு, தன் பங்கை மறைப்பது வேறு.

காவிரி: டேஷ், ஜீகேஷ் இரண்டையும் பற்றி உங்கள் கருத்து?

டேஷ் 2014 ஜனவரி 18-இல் எக்ஸ்காயின் என்ற பெயரில் தொடங்கியது, பிறகு டார்க்காயின் ஆனது. டிஃபிகல்டி சரியாக ஏறாத கோளாறால் முதல் இரண்டு நாளில் சுமார் 19 லட்சம் காயின் மைன் ஆகிவிட்டது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. தவறுதலாக நடந்தது என்று அதை உருவாக்கிய எவன் டஃபீல்ட் சொன்னார். தவறுதலோ இல்லையோ, திரும்ப முதலிலிருந்து தொடங்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

ஜீகேஷ் வேறு மாதிரி. 2016 அக்டோபரில் வந்தது. முதல் நான்கு வருஷம் மைனிங் பரிசில் 20 சதவீதம் நிறுவனர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தொடங்கினார்கள். பிடிக்காதவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். அதில் நம்ப வேண்டியிருந்தது வேறொன்று. தொடக்கத்தில் ஆறு பேர் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து ரகசிய எண்ணின் துண்டுகளை உருவாக்கி, பிறகு அழித்தார்கள். ஆறு பேரும் கூட்டுச் சேர்ந்து அழிக்காமல் வைத்திருந்தால் கள்ளக் காயின் அடிக்கலாம். ஒருவர் நேர்மையாக அழித்தாலே போதும், முடியாது. அவர்களில் ஒருவரான பீட்டர் டாட் கனடாவில் காரில் போய்க்கொண்டே கணக்கை ஓட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கணினியை டார்ச் வைத்து எரித்தார். இன்னொருவர் எட்வர்ட் ஸ்னோடன் என்பது 2022-இல்தான் தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த மாற்றத்தில், இப்படி ஒரு சடங்கே தேவையில்லாத முறைக்கு மாறினார்கள். நம்பிக்கை கேட்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

குட்டி டெவலப்பர்: கோடு ஓபன் சோர்ஸ் என்றால் இந்த மாதிரி திருட்டு நடக்காது இல்லையா?

பிட்காயின் பிரைவேட் என்று ஒன்று 2018 தொடக்கத்தில் வந்தது. பிட்காயின், ஜீகிளாசிக் இரண்டிலும் இருந்த இருப்புகளைக் கொண்டுவந்து சேர்த்துத் தொடங்கிய நாணயம். கோடும் திறந்தது, செயினும் திறந்தது. அந்த இருப்புகளைக் கொண்டுவரும்போதே 20.4 லட்சம் காயினைக் கூடுதலாக உள்ளே நுழைத்து, மறைக்கப்பட்ட முகவரிகளில் போட்டுவிட்டார்கள். டிசம்பரில் காயின் மெட்ரிக்ஸ் நிறுவனம் எண்ணிப் பார்த்துச் சொல்லும் வரை வெளியில் தெரியவில்லை. அதற்குள் சுமார் 3 லட்சம் காயின் மறைவிலிருந்து வெளியே போயிருந்தது. கோடு திறந்திருந்தது, எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை.

பழைய கணக்கர்: தொகையே மறைந்திருக்கும் நாணயத்தில் மொத்தம் இவ்வளவுதான் என்று எப்படி எண்ணுவது?

நேரடியாகக் கூட்டிப் பார்க்க முடியாது. கணிதத்தையும், அதை எழுதிய கோடையும் நம்ப வேண்டும். இதை மொனேரோக்காரர்களே அடிக்கடி மழுப்பிவிடுகிறார்கள்.

2017-இல் கிரிப்டோநோட்டில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. ஒரே காயினைத் திரும்பத் திரும்பச் செலவழித்து, எவ்வளவு வேண்டுமானாலும் கள்ளக் காயின் உண்டாக்கலாம். மொனேரோ அணி முதலில் தன்னுடையதைச் சத்தமில்லாமல் அடைத்தது, முழுச் செயினையும் சோதித்து யாரும் அந்த ஓட்டையைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்தது, பிறகு மற்றக் காயின்களுக்குச் சொல்லி அனுப்பியது, கடைசியாக மே மாதம் பொதுவில் அறிவித்தது. பைட்காயினில் அந்த ஓட்டையை யாரோ பயன்படுத்தியே விட்டார்கள். ஜீகேஷிலும் 2018 மார்ச்சில் ஏரியல் கபிசோன் இதே மாதிரி கள்ளக் காயினுக்கு வழிவிடும் குறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அக்டோபரில் சரிசெய்து, அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வெளியே சொன்னார்கள்.

மீன்கொத்தி: கடைசியாக என் வீட்டு விஷயம். சித்தப்பாவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புதுப் பிரைவசி காயின். "இரண்டு வருஷமாக ரகசியமாக ஓடுகிறது, இப்போதுதான் வெளியே விடுகிறோம்" என்கிறார்கள். சித்தப்பா 2 லட்சம் போடப்போகிறார். என்ன சொல்லட்டும்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2014-இல் சொன்ன அதே வாக்கியம் இது.

சித்தப்பாவிடம் வாதாட வேண்டாம். குழுவில் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "இந்த இரண்டு வருஷத்தில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத யாராவது இதை வாங்கியதற்கோ விற்றதற்கோ, அந்தச் சமயத்திலேயே வெளியில் பதிவான அடையாளம் ஒன்று காட்டுங்கள். இதுவரை எவ்வளவு காயின் வந்திருக்கிறது, அதில் உங்கள் கையில் எவ்வளவு?" உண்மையானவர்களுக்கு இது ஐந்து நிமிஷ வேலை. கேட்டவரைக் குழுவிலிருந்து தூக்கினால் அதுவே பதில். தூக்காமல் சுற்றி வளைத்துப் பேசினால், அந்தப் பேச்சை அப்படியே எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன். அதுவரை அந்த 2 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.