டிஎன் 65 டர்போ கார் வாங்கலாமா? பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: ராமநாதபுரம் பதிவெண்ணில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. சத்தம் சுத்தம், ஸ்கேனரிலும் கோளாறு இல்லை. ஆனால் கடற்கரை வண்டி. என்ஜின் உள்ளே எப்படி இருக்கிறது என்று பிரிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுகிறீர்கள். டிஎன் 65 என்றாலே உப்புக்காற்று தின்ற வண்டி என்று விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். உப்பு தின்னும், மறுக்கவில்லை. சைலன்சர், அடித்தகடு, வயர் கப்ளர், இன்டர்கூலர் எல்லாவற்றையும் அரிக்கும். தினமும் ஓடுகிற வண்டியின் சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் ரிங்கைத் தின்னாது.

நானும் உங்களைப் போல் பயந்துதான் 2021-ல் கோயம்புத்தூர் போய் இதே ரக வண்டி வாங்கினேன். 58,000 கிலோமீட்டர், சர்வீஸ் ரசீது ஒன்று விடாமல் இருந்தது, ஸ்கேனரில் ஒரு எர்ரர் கோடும் இல்லை. மூன்றாம் மாதம் ஆயில் குச்சியை உருவினால் நுனியில் மட்டும் ஈரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்திருக்கிறது. கேட்ட இடத்தில் எல்லாம் "டர்போ கொஞ்சம் குடிக்கும் சார்" என்றார்கள்.

மண்டபத்தில் நான் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவன். அங்கே விசைப்படகு என்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தார். "கைய வையி தம்பி." லேசாக உள்ளே இழுக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையில் குப் குப்பென்று சூடாக அடித்தது. "பேக் கம்ப்ரெஷன். ரிங்கப் பாரு" என்றார். சிலிண்டரில் அடைபட வேண்டிய காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று அர்த்தம்.

டீசல் படகு மெக்கானிக்குக் கார் என்ஜின் என்ன தெரியும் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்று பார்ப்பதில் டீசல், பெட்ரோல் என்ன? இங்கே ஒருவர் இருந்தும், கண் ஆபரேஷனிலிருந்து கார் வரை எல்லாவற்றுக்கும் "மதுரைக்குப் போ" என்றே எங்களுக்குச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒரு கேஜ் வைத்துப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டுமா? அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

சரி, அப்புறம் நடந்தது. என்ஜினைச் சூடாக்கி, பெட்ரோலும் பிளக்குக்குக் கரண்டும் போகாமல் நிறுத்தி, நான்கு பிளக்கையும் கழற்றினோம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜில் 165, 160, 115, 165 பிஎஸ்ஐ. பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். மூன்றாம் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்ததும் 150-க்கு ஏறியது. ஏறினால் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). (டீசலில் இதைச் செய்யாதீர்கள், கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.)

அதோடு நிறுத்தவில்லை. ஏற்றிய காற்றில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று காட்டும் லீக் டவுன் கேஜ் ஆன்லைனில் வாங்கினேன், காற்றுக்கு பஞ்சர் கடை கம்ப்ரெஸர். பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை ஏற்றியதும் ஆயில் மூடி வழியாக உஸ்ஸென்று சத்தம். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். நல்ல என்ஜினில் பத்து சதவீதத்துக்குள் கசியும். என்னுடையது 38. பிளக் துளையில் கேமராவை விட்டால் சிலிண்டர் சுவரில் ஆயில் தங்குவதற்காக இருக்க வேண்டிய குறுக்குக் கோடுகள் அழிந்து, நெட்டுக்குத்தாகக் கீறல்.

பிரித்தபோது மூன்றாம் பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கும் நடுவே உள்ள வரப்பு நகத்தளவு உடைந்திருந்தது. யாரோ ரீமேப் போட்டு (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி), டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டை ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றியிருக்கலாம் என்றார் அண்ணன். விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம், பழி போடவில்லை. ஸ்கேனர் சென்சார் சொல்வதை மட்டும்தான் படிக்கும். ரிங்குக்கு ஏது சென்சார்?

நீங்கள் பார்க்கும் வண்டியில் முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். தனுஷ்கோடி மணலில் ஓடி, ஃபில்டர் மாற்றாமல் விட்டிருந்தால் அது உப்பைவிட மோசம். காலையில் குளிர்ந்த என்ஜினில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். பிளக் கழற்ற விடமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டு கேஜும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மண்டபம் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.