ரிக்வயர்மென்ட் ஆய்வுகள் வேலைக்கு உதவுமா?

ரிக்வயர்மென்ட் (ஒரு மென்பொருளோ கருவியோ என்ன செய்ய வேண்டும் என்ற தேவை) எழுதுவது பற்றி இவ்வளவு ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றனவே, கம்பெனி வேலைக்கு எதுவாவது பயன்பட்டிருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

பயன்பட்டிருக்கிறது. நல்ல உதாரணம் ‘இயர்ஸ்’ (EARS) என்ற, தேவைகளை எழுதும் முறை. ரோல்ஸ்-ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சக பொறியாளர்களும் ஜெட் எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான விமானப் பாதுகாப்பு விதிகளை அலசியபோது உருவான முறை இது. 2009-இல் ஆய்வு மாநாட்டில் கட்டுரையாக வந்தது. ஐந்தே வாக்கிய அச்சுகள்தான் (மாதிரி வடிவங்கள்): எப்போதும் பொருந்துவது, ஏதாவது நடந்தவுடன், ஒரு நிலை நீடிக்கும்வரை, குறிப்பிட்ட வசதி இருந்தால், தவறு நேர்ந்தால்.

கடைசி அச்சுதான் எனக்கு முக்கியம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் கதையை யாரும் எழுதிவிடுவார்கள். “தப்பான பின் நம்பர் போட்டால் பிளாக் பண்ணுங்க” என்று கிளையண்ட் சொன்னால், எத்தனை தடவை, எவ்வளவு நேரம்? “தொடர்ந்து 3 முறை தவறான பின் நம்பர் உள்ளிடப்பட்டால், செயலி அந்தக் கார்டை 24 மணி நேரம் முடக்க வேண்டும்” என்று எழுதினால் டெஸ்டர் அதை அப்படியே டெஸ்ட் கேஸ் ஆக்கிவிடலாம்.

சரி, ஆய்வுக்கும் கம்பெனி வேலைக்கும் நடுவே இடைவெளி ஏன்? கம்பெனிகள் தங்கள் ஆவணங்களை வெளியே காட்டுவதில்லை. ஆய்வாளர்கள் பல நேரம் மாணவர்களை வைத்தே சோதிக்கிறார்கள். இதை மாற்ற, 2012-இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘நேப்பயர்’ (NaPiRE) என்ற, ரிக்வயர்மென்ட் பிரச்சினைகள் பற்றிய கருத்தாய்வு நேராகக் கம்பெனிகளிடமே போனது. பிறகு 10 நாடுகளின் 228 நிறுவனங்களைக் கேட்டபோது முதலிடத்தில் நின்ற பிரச்சினை: முழுமையில்லாத, மறைந்து கிடக்கும் தேவைகள்.

உங்கள் டீமில் முயல்வதானால், அடுத்த ஸ்பிரிண்டில் (ஓரிரு வார வேலைச் சுற்றில்) நாலைந்து ஸ்டோரிகளுக்கு (பயனரின் தேவையைச் சொல்லும் சிறு குறிப்புகளுக்கு) அந்தத் ‘தவறு நேர்ந்தால்’ வாக்கியத்தை மட்டும் எழுதிப் பாருங்கள்.